சிறுநீரகம் மாற்றிய பிறகு: மருந்தை மிச்சம் பிடிக்கும் பழக்கமும் அதன் விலையும்

2022 ஜூலையில் ஒருநாள் தம்பியின் மருந்துப் பெட்டியைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மாத முடிவில் காலியாகியிருக்க வேண்டிய பெட்டியில் முப்பத்தைந்து கப்சியூல்கள் மிச்சம் இருந்தன. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். பிழை இல்லை. ஐந்து கிழமையாக அவன் இரவு மருந்தை எடுக்கவில்லை.

கேட்டேன். "பெற்றோல் இல்ல, பஸ் இல்ல, கிளினிக்கில மருந்து இருக்குமோ தெரியாது. கையில கொஞ்சம் இருந்தா நல்லதுதானே அக்கா" என்றான். மறைத்ததற்கான வெட்கம் அவன் முகத்தில் இல்லை. புத்திசாலித்தனமான வேலை ஒன்றைச் செய்துவிட்ட திருப்திதான் இருந்தது.

அந்த முப்பத்தைந்து கப்சியூல்கள் எங்கள் குடும்பத்துக்கு என்ன விலையாயின என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. படுவான்கரையில் வாழும் சாதாரண பெண். 2017 இல் என் சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தேன். அதன் பிறகு அவனோடு கிளினிக் வாங்குகளில் இருந்து கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டவையே இவை. சத்திரசிகிச்சையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குப் பிந்திய வருடங்களைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

உடம்பு ஒருபோதும் பழகிக்கொள்வதில்லை

பலரும் நினைப்பது இதுதான்: சிறுநீரகத்தை மாற்றிவிட்டால் வருத்தம் முடிந்தது, கொஞ்சக் காலம் மருந்து எடுத்தால் உடம்பு பழகிவிடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், இரத்தமும் பொருந்துகிறது, பிறகென்ன என்று இருந்தேன்.

எங்கள் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி என்றொரு காவல் இருக்கிறது. தன்னுடையது எது, பிறத்தியாருடையது எது என்று பார்ப்பதே அதன் வேலை. கிருமியையும் அது அடிக்கும், இன்னொருவரின் சிறுநீரகத்தையும் அடிக்கும். உதவிக்கு வந்தது, உபத்திரவத்துக்கு வந்தது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. பத்து வருடம் கழிந்தாலும் அந்தக் காவல் இந்தச் சிறுநீரகத்தை முழுதாகத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்வதில்லை. மருந்து அதைக் கட்டிவைத்திருக்கிறது. கட்டு தளர்ந்தால் அது பாயும்.

உலகில் முதன்முதலில் வெற்றியான சிறுநீரக மாற்று 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் நடந்தது. ஜோசப் மரே என்ற சத்திரசிகிச்சை நிபுணர் செய்தார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மாதிரி இரட்டையர்கள் என்பதால்தான் அது வென்றது. பெற்றவரின் உடம்பு வேற்றுமையைக் காணவில்லை. இரட்டையர் அல்லாதவர்களுக்கு நம்பகமான வழி கிடைக்க மேலும் கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆனது. நோர்வேயின் மலைப்பகுதியில் அள்ளிய மண்ணில் இருந்த பூஞ்சணத்திலிருந்து சைக்ளோஸ்போரின் என்ற மருந்து கிடைத்தது. 1983 இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி வழங்கப்பட்டது. அடுத்த வருடம் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்து இன்னொரு மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் டக்ரோலிமஸ், தம்பி இன்று எடுப்பது. வயற்காரனான அவனுக்கு இந்தக் கதை பிடிக்கும். "மண்தான் காப்பாத்துது" என்பான்.

இலங்கையில் முதல் சிறுநீரக மாற்று 1985 இல் நடந்தது. பேராசிரியர்கள் ஷெரிப்தீனும் ரெஸ்வி ஷெரிப்பும் அதை முன்னின்று செய்தவர்கள். இரண்டு வருடம் கழித்து, 1987 இன் 48 ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் வந்தது. அதே 1987 ஜனவரியில்தான் எங்கள் பக்கத்தில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணைப் படுகொலை நடந்தது. தலைநகரில் மருத்துவம் முன்னே போன அந்த வருடங்களில், வாவிக்கு இந்தப் பக்கம் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போவதே உயிரைப் பணயம் வைக்கும் பயணமாக இருந்தது. இந்த இடைவெளியை நினைவில் வைத்துத்தான் எங்கள் ஆட்களின் பழக்கங்களை விளங்கிக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் குளிசை

2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து ஊர் ஊராக இடம்பெயர்ந்து எழுவான்கரை முகாம்களுக்குப் போனோம். அம்மாவுக்குப் பிரஷர் வருத்தம். கையில் இரண்டு அட்டைக் குளிசை மட்டும்தான். அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. சவர அலகால் ஒவ்வொரு குளிசையையும் நான்காக வெட்டினேன். நான்தான் வெட்டினேன். தம்பி பக்கத்தில் இருந்து பார்த்தான். கால் குளிசையில் அம்மா மாதக்கணக்கில் சமாளித்தார். எங்கள் கூடாரத்தில் இருந்தவர்கள் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள்.

2009 இல் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அதற்கு அந்தக் கால் குளிசைகள்தான் காரணம் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 2022 இல் தம்பியின் பெட்டியில் இருந்த முப்பத்தைந்தையும் எண்ணியபோது, சவர அலகு பிடித்த என் கைதான் நினைவுக்கு வந்தது.

போர் எங்களுக்குச் சில திறமைகளைத் தந்தது. அரிசியை அளந்து சமைப்பது, நோவைப் பொறுத்துக்கொள்வது, கேட்டால் மட்டும் சொல்வது, எதையும் கொஞ்சம் பதுக்கி வைப்பது. இவை எங்களைப் பிழைக்க வைத்தன. சிறுநீரகம் மாற்றிய ஒருவரிடம் இதே நான்கும் இருந்தால் சிறுநீரகம் போய்விடும். மருந்தை அளந்து குறைக்கக் கூடாது, நோவைப் பொறுக்கக் கூடாது, கேளாமலே சொல்ல வேண்டும், மிச்சம் பிடிக்கக் கூடாது. பழக்கத்தைத் தலைகீழாக மாற்றுவது இலேசான காரியம் இல்லை. கொப்பியில் எழுதித் தருகிற அறிவுரை மட்டும் அதற்குப் போதாது.

ஐந்து கிழமையின் கணக்கு

கண்டுபிடித்த மறுநாளே இரத்தம் சோதித்தோம். கிரியற்றினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றும். சிறுநீரகம் சோர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். ஐந்து வருடமாகத் தம்பிக்கு அது 1.3 இல் நின்றது. அன்று 2.4.

அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சாப்பிட்டான், வேலை செய்தான், சலமும் வழமைபோலப் போனது. இதுதான் பயங்கரம். உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. சிலருக்குச் சலம் குறையும், கால் வீங்கும், நிறை திடீரென்று கூடும், காய்ச்சல் வரும், ஒட்டிய இடத்தில் நோகும். புதிய சிறுநீரகத்தை முதுகுப்புறத்தில் வைப்பதில்லை, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைப்பார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழையவற்றைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. இந்த அறிகுறிகள் வெளியே தெரியும்வரை காத்திருந்தால் பல நேரம் பிந்திவிடும். 'நான் சுகமாகத்தானே இருக்கிறேன்' என்பது இந்த நோயில் எதற்கும் சாட்சி ஆகாது. இரத்தப் பரிசோதனைதான் சாட்சி.

ஊசியால் சிறுநீரகத்திலிருந்து நூல் போன்ற துண்டொன்றை எடுத்துப் பார்த்தார்கள். நிராகரிப்பு என்று உறுதியானது. மூன்று நாள் அதிக அளவில் ஸ்டீரொயிட் ஊசி ஏற்றினார்கள். கிரியற்றினின் இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. 1.8 இல் நின்றது. இன்றும் அதுதான் அவனுடைய அளவு. இழந்தது திரும்பவில்லை. உயிருடன் இருப்பவர் கொடுத்த சிறுநீரகம் சராசரியாகப் பதினைந்து, இருபது வருடம் வேலை செய்யும் என்பார்கள். அந்தக் கணக்கில் எத்தனை வருடம் அந்த ஐந்து கிழமையில் கரைந்தது என்று நான் கேட்கவில்லை.

டொக்டர் ஏசவில்லை. "மருந்து முடியப்போகுது எண்டா எங்களுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்க. ஒன்று இல்லாட்டி இன்னொன்றுக்கு மாத்தலாம். நீங்களாக் குறைச்சா எங்களுக்குத் தெரியாது" என்றார். அந்த நேரம் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு. அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதி நின்றுபோயிருந்தது. தம்பியின் பயம் பொய்யான பயம் இல்லை. அவன் கண்ட தீர்வுதான் பிழை.

மூன்று மருந்தும் இரண்டு நேரமும்

சிறுநீரகம் மாற்றியவர்கள் பெரும்பாலும் மூன்று வகை மருந்து எடுப்பார்கள்: டக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின், மைக்கோபீனோலேட் அல்லது அசதியோபிரின், பிரெட்னிசொலோன். மூன்றும் எதிர்ப்புச் சக்தியை வெவ்வேறு இடத்தில் பிடிக்கின்றன. ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் பார்த்துக்கொள்ளும் என்பது தவறு.

டக்ரோலிமஸ் விடயத்தில் நேரம் முக்கியம். நாளுக்கு இரு தடவை எடுக்கும் வகையென்றால் பன்னிரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். தம்பிக்குக் காலை எட்டு, இரவு எட்டு. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் நிராகரிப்பு வரும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைப் பழுதாக்கும், கை நடுங்கும், சீனி ஏறும், பிரஷர் கூடும். இடையில் ஒரு ஒடுங்கிய வரம்பு இருக்கிறது. அதனால்தான் அடிக்கடி இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிக்கிறார்கள்.

இந்தச் சோதனையில் எங்கள் பகுதி ஆட்கள் விடும் பிழை ஒன்று உண்டு. இரத்தம் கொடுப்பது காலை மருந்துக்கு முன்னர். முதல்நாள் இரவு எடுத்த மருந்து அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் நேரத்து அளவைத்தான் பார்க்கிறார்கள். இரவுப் புகையிரதத்தில் போய் விடியற்காலையில் கொழும்பில் இறங்குகிறவர்கள், 'நேரத்தோடு எடுத்துவிடுவோம்' என்று மருந்தை விழுங்கிவிட்டு இரத்தம் கொடுக்கிறார்கள். முடிவு பொய்யாகக் கூடிக் காட்டும். டொக்டர் மருந்தைக் குறைத்துவிடுவார். காலை மருந்தைக் கையோடு கொண்டுபோய், இரத்தம் கொடுத்த உடனே எடுக்க வேண்டும். கடைசி வேளை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு குழப்பம் அலகுகள். ஒரு ஆய்வுகூடம் கிரியற்றினின் 1.3 என்று தரும், இன்னொன்று 115 என்று தரும். இரண்டும் ஒன்றுதான். முதலாவது மில்லிகிராம் கணக்கு, மற்றது மைக்ரோமோல் கணக்கு. முதலாவதை 88.4 ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். 115 ஐக் கண்டு ஒப்பாரி வைத்த ஒரு தாயைக் கிளினிக்கில் நானே பார்த்தேன். இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில் சோதியுங்கள். அப்போதுதான் ஏற்ற இறக்கம் சரியாகத் தெரியும்.

முதல் மாதங்களில் கிழமைக்கு ஒன்று, இரண்டு தடவை கிளினிக் இருக்கும். பிறகு இரண்டு கிழமைக்கு ஒருக்கால், மாதத்துக்கு ஒருக்கால் என்று தள்ளிப்போகும். ஆனால் முற்றாக நிற்காது. மாளிகாவத்தையில் உள்ள தேசிய நிறுவனமும் கண்டி தேசிய வைத்தியசாலையும் இந்தச் சிகிச்சையின் பெரிய நிலையங்கள். எங்களுக்கு இரண்டும் தூரம். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை வாவியையே பாதையில் ஏறித்தான் கடந்தோம். இப்போது அந்தத் துன்பம் இல்லை. ஆனால் ஒரு கிளினிக்குக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் போகிறது. கூடப் போகிறவரின் கூலியும் போகிறது. சத்திரசிகிச்சை செய்த இடத்தில் கேட்டு, இடையிலான பரிசோதனைகளை மட்டக்களப்பில் செய்து முடிவை அனுப்ப ஒழுங்கு செய்யலாம். நாங்கள் கேட்டபோதுதான் அது முடியும் என்று தெரிந்தது. கேளாமல் மூன்று வருடம் அலைந்தோம்.

மொழியும் ஒரு தடைதான். கொப்பியில் எல்லாம் ஆங்கிலம், கூப்பிடுவது பெரும்பாலும் சிங்களம். நான் ஒரு சிறு கொப்பியில் தமிழில் மருந்துப் பெயர், அளவு, நேரம், கடைசி மூன்று கிரியற்றினின் முடிவு, இவற்றை எழுதி வைத்திருக்கிறேன். மருந்துப் பெயரை மட்டும் பெட்டியில் உள்ளபடி ஆங்கிலத்திலும் பார்த்து எழுதியிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுவேன்.

பாமசியிலும் வீட்டிலும் இருக்கும் ஆபத்துகள்

டக்ரோலிமஸ் தனியாக இருக்காத மருந்து. மற்ற மருந்துகள் அதை ஏற்றும், இறக்கும்.

நோவுக்கு எடுக்கும் டைக்குளோபெனாக், இபுபுரொபன் போன்றவை சிறுநீரகத்துக்கு நேரடிக் கேடு. நாரி நோவுக்குப் பாமசியில் கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் எங்கள் வயல்காரரிடம் நிறைய. சிறுநீரகம் மாற்றியவருக்கு அது கூடவே கூடாது. பரசிற்றமோல் மட்டும் போதும்.

எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லிகளும் புளூகொனசோல் என்ற பூஞ்சண மருந்தும் டக்ரோலிமஸைக் கூட்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் அதைப் பாதாளத்துக்கு இறக்கும். கீல்வாதத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினோல், அசதியோபிரினுடன் சேர்ந்தால் இரத்த அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கும்.

எங்கள் ஊர்களுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. தலையில் எறிகணைச் சிதறலோடு வாழ்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் பலர் வலிப்புக்குப் பினிட்டோயின் அல்லது கார்பமசெபின் எடுக்கிறார்கள். இரண்டுமே டக்ரோலிமஸின் அளவைக் குறைப்பவை. அப்படிப்பட்ட ஒருவருக்குச் சிறுநீரகம் மாற்றினால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எப்படிக் காயம் வந்தது என்று கேட்பார்களோ என்ற பயத்தில் சிலர் வலிப்பு மருந்தையே மறைக்கிறார்கள். டொக்டருக்குக் காயத்தின் வரலாறு வேண்டாம். மருந்தின் பெயர் வேண்டும். அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

பரியாரியாரின் கசாயத்தையும் சொல்லாமல் எடுக்கக் கூடாது. பரியாரியார் மேல் எனக்கு மரியாதை உண்டு. பாம்புக்கடியில் என் அப்பாவைக் காப்பாற்றியவர் ஒரு பரியாரியார்தான். ஆனால் எந்த மூலிகை இந்த மருந்தை ஏற்றும், எது இறக்கும் என்பது பலவற்றுக்கு இன்னும் சோதிக்கப்படவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் எதுவும் இவர்களுக்கு எதிரி. கூட்டக் கூடாதென்றுதானே இத்தனை மருந்தும் எடுக்கிறார்கள்.

பழங்களில் பம்பளிமாஸ், சிலர் ஜம்போலா என்பார்கள், அதைத் தவிர்க்க வேண்டும். அது டக்ரோலிமஸைக் கூட்டிவிடும். தோடம்பழம் பிரச்சினை இல்லை. வயிற்றோட்டம் வந்தால் மருந்து வெளியே போய்விடும் என்று நினைப்போம். டக்ரோலிமஸ் மாறாக இரத்தத்தில் கூடிவிடலாம். அதனால் இரண்டு நாள் வயிற்றோட்டம் இருந்தாலும் இரத்தம் சோதிக்க வேண்டும்.

வயல், வாவி, வெள்ளம்

எதிர்ப்புச் சக்தியைக் கட்டிவைத்தால் கிருமிகளுக்குக் கதவு திறந்துவிடுகிறது. எங்கள் நிலத்தில் அது சிறிய விடயம் இல்லை.

வயல் சேற்றில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. ஈர மண்ணில் இன்னொரு பக்டீரியாவும் வாழ்கிறது. அது கொடுக்கும் நோயை மெலியோயிடோசிஸ் என்பார்கள். சீனி வருத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்களை அது அதிகம் பிடிக்கும். நெஞ்சில் வந்தால் காசநோய் போலவே தோன்றும். மழை காலத்தில் கூடும். தம்பி இப்போது சேற்றில் இறங்குவதில்லை. கூலிக்கு ஆள் பிடிக்கிறான், வரம்பில் நிற்கிறான். 'சும்மா நிற்கிறான்' என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சு அவனைச் சேற்றைவிட அதிகம் வருத்தியது. கட்டாயம் இறங்க வேண்டியவர்கள் பூட்ஸ் போட வேண்டும், காயத்தை மூடிக் கட்ட வேண்டும். எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசையைக் கிளினிக்கில் கேட்காமல் எடுக்கக் கூடாது. வெயிலுக்குத் தொப்பியும் நீளக்கைச் சட்டையும் வேண்டும். இந்த மருந்துகள் எடுப்போருக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூட.

காய்ச்சல் 100.4 பரனைட்டைத் தொட்டால் அன்றே ஆஸ்பத்திரி. பிரெட்னிசொலோன் காய்ச்சலை மறைக்கும் மருந்து. மற்றவருக்கு 103 காட்டும் கிருமி இவருக்கு 100 தான் காட்டலாம். 'நாளைக்குப் பார்ப்போம்' என்பது எங்கள் வீட்டில் இப்போது தடைசெய்யப்பட்ட சொல்.

2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தபோது படுவான்கரை வீதிகள் பல தண்ணீருக்குள் போயின. அந்த நேரம் தம்பியின் மருந்து வீட்டில் மூன்று கிழமைக்கு இருந்தது. அது இரவு வேளையைத் தவிர்த்துச் சேர்த்த மருந்து இல்லை. மாரிக்கு முன்னர் கிளினிக்கில் நிலைமையைச் சொல்லி, எழுதி வாங்கி எடுத்துவைத்தது. பதுக்குவதற்கும் ஆயத்தமாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அப்போதுதான் அவன் ஏற்றுக்கொண்டான். மூடி இறுகும் பிளாஸ்ரிக் போத்தலில் மருந்து, கொப்பியின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி. இடம்பெயர்வுக் காலத்தில் கதவோரம் ஒரு பை எப்போதும் கட்டிவைத்திருப்போமே, அந்தப் பை திரும்பவும் எங்கள் வீட்டில் தொங்குகிறது. போர் தந்த பழக்கங்களில் இது ஒன்றுதான் எங்களுக்கு இப்போதும் உதவுகிறது.

கொடுத்தவரையும் பாருங்கள்

கொடுத்தவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானே என்னைக் கேட்கவில்லை. ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம், உண்மை. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை பிரஷர், சலத்தில் புரதம், கிரியற்றினின் மூன்றையும் பார்க்க வேண்டும். தம்பியின் கிளினிக் ஒன்றையும் தவறவிடாத நான், என்னுடைய சோதனைக்கு மூன்று வருடம் போகவில்லை. போனபோது பிரஷர் கூடியிருந்தது. இப்போது நானும் தினம் ஒரு குளிசை எடுக்கிறேன். முழுதாக.

இன்னொரு வகைக் கொடுப்பவர்களும் எங்கள் மாகாணத்தில் இருக்கிறார்கள். 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடனில் சிக்கியவர்களைப் பற்றிப் பேசியபோது, கடனை அடைக்கச் சிலர் சிறுநீரகத்தை விற்கவும் முயன்றார்கள் என்பதைக் குறிப்பிட்டார். எங்கள் பக்கத்துப் பெண்கள் கிழமைத் தவணைக்குப் பயந்து வாழ்ந்த காலம் அது. அப்படி விற்றவர்கள் எவரும் வருடாந்தச் சோதனைக்குப் போகமாட்டார்கள். கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் இருக்கும். அவர்களில் ஒருவர் இதை வாசித்தால் சொல்கிறேன்: பிரஷரும் சலமும் பார்க்க எந்த அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவும் போதும். 'ஒரு சிறுநீரகம்தான் இருக்கு' என்று மட்டும் சொல்லுங்கள். கர்ப்பமானால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கர்ப்பம் என்றதும் மாற்றிக்கொண்ட பெண்களுக்கும் ஒன்று. மைக்கோபீனோலேட் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனத்தை உண்டாக்கும். பிள்ளை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி மருந்தை மாற்ற வேண்டும். சிறுநீரகம் மாற்றி ஒரு வருடமாவது கழிந்து, எல்லாம் நிலையாக இருந்தால், பிள்ளை பெறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காசும் கேட்கும் உரிமையும்

அரச வைத்தியசாலையில் இந்த மருந்துகள் இலவசம். இல்லாத மாதம்தான் வெளியே வாங்க வேண்டி வருகிறது. சிறுநீரக நோயாளருக்கு மாதாந்தக் கொடுப்பனவு ஒன்று இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சத்திரசிகிச்சைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. 2025 பெப்ரவரியிலிருந்து அதற்கும் பிரதேச செயலகம் ஊடாகவே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். சத்திரசிகிச்சைக்கு எல்லோரும் சேர்த்து அனுப்புகிறீர்கள், அது பெரிய உதவி. ஆனால் காசு மிகத் தேவைப்படுவது மூன்றாம் வருடத்திலும் ஏழாம் வருடத்திலும்தான். அப்போது யாரும் கேட்பதில்லை. ஒரு தடவை பெரிதாக அனுப்புவதைவிட, மாதம் ஒரு கிளினிக் பயணச் செலவை ஏற்றுக்கொண்டால் ஒரு சிறுநீரகம் நின்று பிடிக்கும்.

தம்பியும் நானும் இப்போது ஒரு ஒப்பந்தத்தில் இருக்கிறோம். இரவு எட்டு மணிக்கு நான் கோல் எடுப்பேன். "எடுத்தாச்சா?" என்பேன். "எடுத்தாச்சு அக்கா" என்பான். பிறகு அவன் கேட்பான், "நீ?" என்று. மாத முடிவில் அவனே பெட்டியைத் திறந்து காட்டுகிறான். போன மாதமும் அது காலியாகத்தான் இருந்தது.